உப்பு ஒன்று, திறன் எண் மூன்று: மெக்னீசியத்துக்கு எதை நம்புவது?

கொள்முதல் ஆணையில் ஒரு வரி புதிதாக முளைத்திருக்கும்: "மெக்னீசியம் 0.10%க்கு மேல் கூடாது, சிபிகே 1.33க்குக் குறையக் கூடாது." முதல் பாதி உப்பளக்காரருக்கும் புரியும், ஆய்வகத்துக்கும் புரியும். வில்லங்கம் எல்லாம் இரண்டாம் பாதியில். சிபிகே (Cpk) என்பது சரக்கு வரம்புக்குள் எவ்வளவு வசதியாக நிற்கிறது என்று காட்டும் திறன் எண், பெரிதாக இருந்தால் நல்லது. ஒரே உப்பை, ஒரே அளவீடுகளை வைத்துக்கொண்டு 2.84 என்று காட்டலாம். 1.68 என்று காட்டலாம். 1.32 என்றும் காட்டலாம். எதுவும் பொய்க்கணக்கு இல்லை. தரக்கட்டுப்பாட்டில் எல்லோரும் பயன்படுத்தும் வழிகள்தான். ஆனால் முதல் இரண்டு எண் வந்தால் லாரி உள்ளே போகும், மூன்றாவது வந்தால் வாசலிலேயே நிற்கும். எந்த வழியில் கணக்கிட வேண்டும் என்று ஆணையில் இருக்காது.

அந்தத் தேர்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேதிப்பொருள், கனிமம் எதை எடுத்தாலும் மாசு அளவீட்டில் இதே சிக்கல் உண்டு. நான் கையாண்டு பழகியது தூத்துக்குடி உப்பு என்பதால் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

சிபிகே என்பது எளிய கணக்கு. சராசரிக்கும் அருகிலிருக்கும் வரம்புக்கும் உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுத்தால் வருவது. சிக்மா என்பது அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எண். இது இயந்திரப் பட்டறையில் வளர்ந்த பிள்ளை. 20 மில்லிமீட்டர் தண்டு கடைந்தால் அது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இரண்டு பக்கமும் வரம்பு உண்டு. அளவுகளை வரைந்தால் மணி வடிவம் வரும். மாசுக்கு இந்த மூன்றும் கிடையாது. வரம்பு மேலே மட்டும். கீழே பூஜ்யம் என்ற சுவர். இரண்டுக்கும் நடுவில் அளவீடுகள் பூஜ்யத்தை ஒட்டிக் குவிந்து, மேல்பக்கம் நீண்ட வால் விட்டிருக்கும்.

சிலர் மென்பொருளில் கீழ் வரம்புக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நினைத்து அங்கே 0 என்று தட்டிவிடுகிறார்கள். உடனே கணக்கு அருகிலிருக்கும் வரம்பாகப் பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளும். சராசரி 0.0217%, சிக்மா 0.0092% என்று வைத்துக்கொண்டால் சிபிகே 0.79 வரும். அதாவது உப்பு ரொம்பச் சுத்தமாக இருப்பதுதான் குற்றம்! பூஜ்யம் வாங்குபவர் போட்ட வரம்பு அல்ல, இயற்கை போட்ட தரை. அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விடவேண்டும். சிபி என்ற இருபக்க எண்ணுக்கும் இங்கே வேலையில்லை.

மெக்னீசியம் எங்கிருந்து வருகிறது

கணக்குக்குள் போகுமுன் பாத்திக்குள் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 1.3 கிராம் மெக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உண்டு. தூத்துக்குடியில் பல உப்பளங்கள் கடல்நீருக்குப் பதில் நிலத்தடி உப்புநீரையே இறைக்கின்றன. அங்கே இந்த விகிதம் கிணற்றுக்குக் கிணறு மாறும். வெயிலில் நீர் சுண்டச் சுண்ட உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். நீரின் செறிவைக் காட்டும் போமே மானியில் 25 டிகிரியைத் தாண்டும்போது உப்பு படியத் தொடங்கும். மெக்னீசியமோ படியாமல் நீரிலேயே தங்கிவிடும். 29, 30 டிகிரிக்கு மேல் மிஞ்சுவது கசப்பு நீர். அதை வடித்துக் கழித்துவிட வேண்டும்.

ஆகவே உப்பில் காணும் மெக்னீசியத்தில் பெரும்பகுதி படிகத்துக்குள் இருப்பதல்ல, படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வந்த கசப்பு நீர். எவ்வளவு ஒட்டும் என்பது பல காரணங்களைப் பொறுத்தது: நீர் எத்தனை டிகிரியில் இருந்தபோது உப்பு வாரினார்கள், படிகம் பெரிதா பொடியா, அம்பாரம் எத்தனை நாள் வடிந்தது. இந்தக் காரணங்கள் ஒன்றோடொன்று கூடுவதைவிட ஒன்றையொன்று பெருக்குகின்றன. இரண்டு மடங்கு செறிந்த நீர், இரண்டு மடங்கு ஈரம் என்றால் மாசு நான்கு மடங்கு. பெருக்கலால் பிறக்கும் எண்களுக்கு மணி வடிவம் வராது. மடக்கை (லாகரிதம்) எடுத்தால்தான் வரும். மாசுகளில் மடக்கை இயல்நிலைப் பரவலை, அதாவது மடக்கை எடுத்தபின் மணி வடிவமாகும் பரவலை, அடிக்கடி காண்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே உப்புக்கு மூன்று கணக்கு

இனி எடுத்துக்காட்டு எண்கள். கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த உப்பளத்தின் பதிவும் அல்ல. வரம்பு 0.10%. கழுவாத உப்பில் அம்பாரங்களின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 0.04%. பரவல் மடக்கை வகை. ஒரு சிக்மா தள்ளினால் 1.5 மடங்கு கூடும்.

முதல் வழி, எதையும் யோசிக்காமல் இயல்நிலைப் பரவல், அதாவது மணி வடிவம், என்று எடுத்துக்கொள்வது. சராசரி 0.0434, சிக்மா 0.0184. திறன் எண் 1.03. அட்டவணையைப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒரு அம்பாரம் வரம்பைத் தாண்டும் என்று பொருள்.

இரண்டாம் வழி, அளவீடுகளுக்கும் வரம்புக்கும் மடக்கை எடுத்துவிட்டு அதே கணக்கைப் போடுவது. எண் 0.75. ஆயிரத்துக்கு 12 அம்பாரம் தாண்டும். நாம் வைத்துக்கொண்ட பரவலின்படி உண்மை இதுதான். முதல் வழி பன்னிரண்டு மடங்கு குறைத்துச் சொல்லியிருக்கிறது.

மூன்றாம் வழி சதமானங்களை வைத்தது. 1989இல் கிளெமென்ட்ஸ் என்பவர் இந்தப் பாணியில் ஒரு முறையை வெளியிட்டார். ஐஎஸ்ஓ 22514-2 தரநிலையும் இவ்வழியில்தான் செல்கிறது. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவு, மூன்று சிக்மாவுக்குப் பதில் 99.865ஆம் சதமானத்துக்கும் (அளவுகளில் 99.865% இதற்குக் கீழே இருக்கும்) இடைநிலைக்கும் உள்ள தூரம். நம் உப்பில் அந்தச் சதமானம் 0.04ஐ மூன்று முறை 1.5ஆல் பெருக்கியது, அதாவது 0.135. எண் 0.06 வகுத்தல் 0.095, ஆக 0.63.

இப்போது உப்பைக் கழுவுகிறோம். நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்துபோகும் என்பதால் மெக்னீசியம் குறைந்த தெவிட்டிய உப்புநீரில்தான் கழுவுவார்கள். இடைநிலை அளவு பாதியாகி 0.02% ஆனது, பரவலின் விகிதம் மாறவில்லை என்று கொள்வோம். இயல்நிலைக் கணக்கில் 2.84. சதமானக் கணக்கில் 1.68. மடக்கைக் கணக்கில் 1.32.

கவனித்தீர்களா, வரிசை மாறிவிட்டது. கழுவாத உப்புக்குச் சதமான வழிதான் மிகக் கடுமையான எண்ணைத் தந்தது. கழுவிய உப்புக்கு அதுவே மடக்கையைவிடத் தாராளமாகிவிட்டது. காரணம் எளிது. வரம்பு சரியாக 99.865ஆம் சதமானத்தில் விழுந்தால் இரண்டு வழியும் 1.00 என்றே சொல்லும். அதற்குக் கீழே சதமான எண் சிறிதாகவும் மேலே பெரிதாகவும் போகும். ஆகவே சதமான எண்ணை இயல்நிலை அட்டவணையில் வைத்து "இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை) தவறும்" என்று படிக்கக் கூடாது. 0.63ஐ அப்படிப் படித்தால் ஆயிரத்துக்கு 29 என்று வரும், உண்மை 12. தரநிலையில் உள்ள வழிதானே என்று அதையே எடுத்துக்கொள்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. பிபிஎம் பேச்சை மட்டும் அதோடு கோக்கக் கூடாது.

2.84 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்நிலைக் கணக்கை நம்பினால் அந்த உப்பு உலகம் உள்ளவரை வரம்பைத் தாண்டாது. மடக்கைக் கணக்கில் பத்து லட்சத்துக்கு 36 அம்பாரம் தாண்டும். நடைமுறையில் இதுவும் நல்ல உப்புதான், யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் "எங்கள் திறன் 2.84, மாதிரி எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறோம்" என்று யாராவது அதன்மேல் முடிவு கட்டும்போது அந்த எண் ஆபத்தாகிவிடும்.

முதல் வழியை இத்தோடு ஓரம்கட்டுகிறேன். மாசு வரம்பிலிருந்து வெகு தூரத்தில் இருந்து, சிதறலும் சிறியதாக இருந்தால் அது கெடுதல் செய்யாது. ஆனால் அந்த நிலையில் திறன் எண்ணே தேவைப்படாது.

மடக்கைக்கும் ஒரு நோய் உண்டு

அப்படியானால் மடக்கைதான் விடை என்று முடித்துவிடலாமா? முடியாது. மேலே வாலைச் சரியாகப் பிடிக்கும் மடக்கை, கீழே பூஜ்யத்தருகே பைத்தியம் பிடித்து ஆடும்.

கழுவிய உப்பில் 40 அம்பாரங்களின் அளவுகள், திறன் எண் 1.32. நாற்பத்தோராவதாக அபாரமான அம்பாரம் ஒன்று வருகிறது, மெக்னீசியம் 0.001%. இதைவிட நல்ல உப்பு கிடையாது. கணக்கில் சேர்த்தால் எண் 1.32இலிருந்து 0.91க்கு விழுகிறது! மடக்கை அளவில் 0.001 என்பது 0.02இலிருந்து ஏழு சிக்மா தள்ளி நிற்கும். அந்த ஒரே புள்ளி சிக்மாவை 0.41இலிருந்து 0.62க்கு ஊதிவிடும். இயல்நிலைக் கணக்கில் இதே புள்ளி 2.84ஐ 2.73 ஆக்குவதோடு நின்றுகொள்ளும்.

அதைவிட மோசம், அந்த 0.001 உண்மையான அளவாகவே இருக்காது. உப்பில் மெக்னீசியத்தை நேரடியாக அளப்பது குறைவு. ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனில் பிஎச் 10இல் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த மொத்தம் வரும். பிஎச் 12க்கு மேல் ஏற்றி மெக்னீசியத்தைப் படியவைத்துவிட்டுக் கால்சியத்தைத் தனியாக அளப்பார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மெக்னீசியம். இரண்டு அளவீட்டின் பிழையும் இந்தக் கழித்தலில் வந்து சேர்கிறது. ஒவ்வொன்றிலும் 0.003% பிழை என்றால் வித்தியாசத்தில் 0.0042%. உப்பு சுத்தமாக ஆக ஆக விடை 0.001, 0.000, சில சமயம் மைனஸ் என்றுகூட வரும். மைனஸுக்கு மடக்கை கிடையாது. அப்போது ஆய்வகத்தில் நடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்: யாராவது 0.001 என்று எழுதி வைத்துவிடுவார்கள். கைக்கு வந்தபடி எழுதிய அந்த எண்ணால் ஒரு நல்ல ஆலையின் திறன் எண் சரிகிறது.

பாக்ஸ், காக்ஸ் இருவரும் 1964இல் தந்த உருமாற்றம் இங்கே உதவும் என்பார்கள். அது மடக்கையின் விரிந்த குடும்பம். வர்க்கமூலம், கனமூலம் எல்லாம் அதில் அடங்கும். கனமூலம் பூஜ்யத்தருகே மடக்கையைப் போல் பித்தாடாது என்பது உண்மை. ஆனால் மென்பொருள் ஒவ்வொரு மாதமும் தானாக வேறொரு அடுக்கைத் தேர்ந்தெடுக்கும். போன மாதம் 0.1, இந்த மாதம் 0.3. எண் மாறியது உப்பாலா, அடுக்காலா என்று யாருக்கும் தெரியாது. அடுக்கை ஒருமுறை முடிவு செய்து பூட்டிவிட்டால் பயன்படுத்தலாம். அப்படிப் பூட்டி வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரியான வைத்தியம் வேறு. ஆய்வகம் நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு எது என்று முதலில் முடிவு செய்யவேண்டும், 0.005% என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே வருவது எல்லாம் "0.005க்குக் கீழ்" என்று மட்டும் பதிவாகட்டும். கணக்கிடும்போது அவற்றை 0.0025 என்று பாதியாக்கிப் போடுவது பழைய பழக்கம். கொஞ்சம் இருந்தால் தாங்கும், நிறைய இருந்தால் சிக்மாவைக் கெடுக்கும். இப்போதைய புள்ளியியல் மென்பொருள்களில் "இதற்குக் கீழ்" என்ற தகவலை அப்படியே எடுத்துக்கொண்டு பரவலைப் பொருத்தும் வசதி உண்டு. அதையே பயன்படுத்துங்கள். மருந்து மூலப்பொருள் தயாரிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி: தினசரி அளவு 2 கிராம் வரையுள்ள மருந்துகளில் 0.05%க்குக் கீழுள்ள மாசை மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் வழிகாட்டுதலின்படி அறிக்கையில் காட்டவே தேவையில்லை. அவர்களுடைய அட்டவணையில் பாதிக் கட்டங்களில் எண்ணே இருக்காது.

எண்ணிப் பார்ப்பது என்ற வழி

பரவலும் வேண்டாம், மடக்கையும் வேண்டாம். எத்தனை அம்பாரம் தாண்டியது என்று எண்ணினால் போதாதா? இதுவும் கௌரவமான வழிதான். எந்த அனுமானமும் இல்லை, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சண்டை வராது. விலை மட்டும் அதிகம்.

நாற்பது அம்பாரத்தில் ஒன்றுகூடத் தாண்டவில்லை என்றால், 95% நம்பிக்கையோடு சொல்ல முடிவது "தாண்டும் விகிதம் சுமார் 7%க்கு மேல் இல்லை" என்பது மட்டும். 95% அம்பாரங்கள் வரம்புக்குள் என்று அதே நம்பிக்கையில் சொல்ல 59 அம்பாரங்கள் தொடர்ந்து தேற வேண்டும். 99% என்று சொல்ல 299 வேண்டும். சிறு உப்பளத்துக்கு அது பல பருவங்களின் வேலை. வடகிழக்குப் பருவமழை வந்தால் அந்த வருடக் கணக்கு அதோடு முடிந்தது.

அதே நாற்பது அம்பாரங்களுக்கு மடக்கை வழியில் 1.32 வந்தது. மாதிரி சிறியது என்பதால் அந்த எண்ணிலும் தளர்வு உண்டு. 95% கீழ் எல்லை 1.06. அதாவது மோசமாகப் பார்த்தாலும் பத்தாயிரத்துக்கு ஏழு. ஒரு பக்கம் 7%, இன்னொரு பக்கம் 0.07%. இந்த நூறு மடங்கு வித்தியாசம் முழுவதும் "பரவல் மடக்கை வடிவம்தான்" என்ற ஒரே நம்பிக்கையால் வாங்கப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு மேலே சொன்ன பெருக்கல் காரணம் ஆதரவு. பரவல் பொருந்தினால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும் நிகழ்தகவுத் தாளில் அளவுகளைக் குறித்து, மேல்முனைப் புள்ளிகள் கோட்டை விட்டு வளைகின்றனவா என்று பார்ப்பது இன்னொரு ஆதரவு. இரண்டும் இல்லையென்றால் எண்ணிப் பார்ப்பதே நாணயம்.

போகிற போக்கில்: 1.33 கேட்பவர்கள் எத்தனை மாதிரியில் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. முப்பது மாதிரியில் வந்த 1.33இன் கீழ் எல்லை 1.03. இரண்டாம் தசமத்தை வைத்துச் சரக்கைத் திருப்பி அனுப்புவது வேடிக்கைதான்.

லாரியா, அம்பாரமா

வழிகளுக்குள் நடக்கும் இந்தப் போட்டி எல்லாம் ஒரு அடிப்படைத் தவறுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் 25 லாரிகளின் மெக்னீசியத்தை எடுத்து சிபிகே போட்டேன். அழகான எண், 2ஐத் தாண்டியது. அறிக்கை போனது. அடுத்த வாரமே நான்கு லாரிகள் வரம்பைத் தாண்டித் திரும்பி வந்தன. பிறகு பார்த்தால் அந்த 25 லாரியும் இரண்டே அம்பாரத்திலிருந்து ஏற்றியவை. என் கையில் இருந்தது 25 தகவல் அல்ல, இரண்டு.

சிபிகேயில் உள்ள சிக்மா அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்திலிருந்து எடுக்கப்படுவது: நகரும் வீச்சின் சராசரியை 1.128ஆல் வகுப்பார்கள். ஒரே அம்பாரத்து லாரிகள் ஒன்றுக்கொன்று சகோதரர்கள், வித்தியாசம் குறைவு, சிக்மா சிறியது, எண் வானத்தில். அம்பாரத்துக்கும் அம்பாரத்துக்கும் உள்ள மாற்றம் இந்தக் கணக்கில் வரவே வராது. கசப்பு நீரை வடித்த உடனே வாரிய உப்புக்கும், விளைச்சல் கூடட்டும் என்று அதே நீரிலேயே ஓட்டி வாரிய உப்புக்கும் உள்ள தூரம்தான் இங்கே உண்மையான சிதறல். அதைக் காட்டுவது எல்லா அளவுகளின் மொத்தச் சிக்மாவை வைக்கும் பிபிகே (Ppk). மாசுக்கு சிபிகே கேட்டு வந்தால் பிபிகேயையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியே செய்தி.

மாதிரி எடுக்கும் இடமும் விளையாடும். அம்பாரத்தில் கசப்பு நீர் கீழ்நோக்கி வடியும். மேலே எடுத்த உப்பு சுத்தமாகவும் அடியில் எடுத்தது மாசோடும் இருக்கும். பல இடங்களில் அள்ளிக் கலந்த கூட்டு மாதிரி அம்பாரத்தின் சராசரியைக் காட்டும். வாங்குபவர் ஒரு லாரியில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் அவருக்குத் தெரிவது வேறு, இன்னும் அகலமான பரவல். இருவரும் 0.10% என்ற ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு வேறு பொருளைப் பேசுவார்கள்.

சராசரி கெடுக்கிறதா, உச்சம் கெடுக்கிறதா

எனக்கு முக்கியமாகப் படும் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். இந்த மாசு வாங்குபவருக்கு என்ன செய்கிறது?

காஸ்டிக் சோடா ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிப் பக்கம் சாகுபுரத்தில் ஒன்று உண்டு, மேட்டூரிலும் உண்டு. உப்பைக் கரைத்து, சோடா ஆஷ் சேர்த்துக் கால்சியத்தையும் காஸ்டிக் சேர்த்து மெக்னீசியத்தையும் வீழ்படிவாக்கி எடுப்பதுதான் இத்தொழிலின் முதல் கட்டம். கரைக்கும் தொட்டியில் பல லாரி உப்பு கலக்கிறது. ஒரு லாரியில் 0.12%, அடுத்ததில் 0.03% என்றால் தொட்டிக்குத் தெரிவது நடுவில் உள்ள எண். செலவாகும் காஸ்டிக்கும் சேரும் சேறும் மாதச் சராசரியைப் பொறுத்தவை. இந்த இடத்தில் வாலைப் பற்றி 1.32, 1.68 என்று வாதாடுவதைவிடச் சராசரியை 0.04இலிருந்து 0.02 ஆக்கினால் எவ்வளவு மிச்சம் என்று பேசுவதில் பணம் இருக்கிறது. விலையைச் சராசரியோடு கட்டிவிட்டு, உச்சத்துக்கு ஒரு தளர்வான வரம்பை வைத்தால் போதும்.

அதே ஆலையில் நாலு கட்டம் தள்ளிப் போனால் கதை தலைகீழ். மின்னாற்பகுப்பு நடக்கும் சவ்வுக் கலத்துக்குள் போகும் உப்புநீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து வழக்கமாக 20 பிபிபிக்குள் இருக்கவேண்டும். சதவீதத்தில் பேசிய மாசு இப்போது நூறு கோடியில் இருபது பங்கு. மாசை அந்த அளவுக்குக் குறைப்பது அயனிப் பரிமாற்ற ரெசின். ரெசின் தீர்ந்து சில மணி நேரம் மாசு கசிந்தால் மெக்னீசியம் சவ்வில் படிந்து மின்னழுத்தத்தை ஏற்றும். கால்சியம் படிந்தால் மின்னோட்டத் திறன் குறையும். படிந்தது பிறகு சுத்தமான நீர் வந்தாலும் முழுக்கப் போகாது. இங்கே மாதச் சராசரி 5 பிபிபி என்பது எந்த ஆறுதலும் தராது. பிபிகேயும் தராது. 360 மணி நேரம் ஒழுங்காக இருந்து நாலு மணி நேரம் கசியும் அமைப்பு ஒரே பரவலே அல்ல, அதற்குத் திறன் எண் கணக்கிடுவது ஜாதகம் பார்ப்பது போலத்தான். கட்டுப்பாட்டு வரைபடம், ரெசின் படுகைக்கு அடுத்து ஓர் அபாய ஒலி, மாற்றுப் படுகை, இவைதான் விடை.

கனிமங்களில் மூன்றாவது வகை ஒன்று வரும். அரியலூர் சுண்ணாம்புக்கல் போன்ற படிவுப் பாறைகளில் அடுக்குக்கு அடுக்கு சிலிக்காவும் மெக்னீசியாவும் மாறும். சுரங்கத்தின் இரண்டு முகப்பிலிருந்து வெட்டிய கல்லை ஒரே பட்டியலில் போட்டால் வரைபடத்தில் இரண்டு கூன் தெரியும். அதற்கு மடக்கை, பாக்ஸ்-காக்ஸ், சதமானம் எதைப் போட்டாலும் பிரயோசனமில்லை. முகப்பு வாரியாகப் பிரித்து, எதை எதோடு எந்த விகிதத்தில் கலப்பது என்று பார்க்கவேண்டும். திறன் எண் கலந்த குவியலுக்குத்தான்.

என் தேர்வு

உப்புக்கு நான் எடுப்பது மடக்கை வழி, பிபிகே, அம்பாரத்துக்கு ஒரு கூட்டு மாதிரி. ஆய்வக எல்லைக்குக் கீழ் வந்தவற்றை "கீழ்" என்றே வைத்துக் கணக்கிடுவேன். எண்ணைத் தனியாக அனுப்பாமல் அதன் கீழ் எல்லையையும் சேர்த்தே அனுப்புவேன். பாதிக்கு மேல் அளவீடுகள் ஆய்வக எல்லைக்குக் கீழே போய்விட்ட நன்கு கழுவிய உப்பு என்றால் திறன் எண்ணைக் கைவிட்டு, எத்தனையில் எத்தனை தேறியது என்று எழுதுவேன். அங்கே பொருத்த எதுவுமே மிஞ்சாது.

வாங்குபவர் ஐஎஸ்ஓ வழிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சதமானத்துக்குச் சம்மதிக்கலாம். ஆனால் 99.865ஆம் சதமானத்தை நாற்பது அளவிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது, ஏதோ ஒரு பரவலைப் பொருத்தித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பரவல் எது என்று இரு தரப்பும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதும்போது பெரும்பாலும் அதுவும் மடக்கையில்தான் வந்து நிற்கும்.

1.33 என்ற எண்ணைப் பற்றி எனக்கு முரண்பாடு உண்டு. ஒரு அம்பாரம் 0.11% என்று போனால் யாருக்கும் உயிர் போகாது. கொஞ்சம் காஸ்டிக் கூடச் செலவாகும். வாகனப் பாகங்களுக்கு வைத்த அளவுகோலை உப்புக்கு அப்படியே தூக்கி வைக்கத் தேவையில்லை. ஆகவே அடுத்த முறை ஆணையில் அந்த வரி வந்தால் நான் திருத்தி அனுப்பப்போவது இது:

"மெக்னீசியம், அம்பாரத்துக்கு ஒரு கூட்டு மாதிரி, மேல் வரம்பு 0.10%, கீழ் வரம்பு இல்லை. கடைசி 40 அம்பாரங்களின் பிபிகே மடக்கை அளவில் கணக்கிடப்படும். அதன் 95% கீழ் எல்லை 1.00க்குக் குறையக் கூடாது. 0.005%க்குக் கீழ் வரும் அளவுகள் 'கீழ்' என்றே பதிவாகும். மாதச் சராசரி தனியே தரப்படும். விலைத் திருத்தம் அதன்படி."

நாலு வரி கூடிவிட்டது. வாங்கும் பிரிவு முகம் சுளிக்கும். பரவாயில்லை, லாரி வாசலில் நிற்கும்போது பேசுவதைவிட இப்போதே பேசிக்கொள்ளலாம்.